தண்ணீர் ஊற்றி முடித்த அம்மை

குலசேகரன்பட்டினத்தில் வேல்ராஜ் வைத்திருப்பது பலசரக்குக் கடைதான். ஆனால் தசரா நெருங்கிவிட்டால் பருப்பு மூட்டைகள் பின்னால் போய்விடும்; ஜிகினா கிரீடமும் காளி வேடத்துக்கான சடைமுடியும் முன்னால் தொங்கும். அன்று காலை ஒரு கிரீடத்தை எடுத்து, மனைவி இசக்கிசெல்வியின் மடியில் கிடந்த இரண்டு மாதக் குழந்தை பொன்செல்வியின் முகத்துக்கு நேரே ஆட்டினான். குழந்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. கிரீடத்து மணி குலுங்கியதும் சத்தம் வந்த பக்கம் தலையை மட்டும் திருப்பியது.

இசக்கிசெல்வி குழந்தையை வெளிச்சத்துக்குத் தூக்கினாள். இரண்டு கண்மணியிலும் பால் தெளித்தாற்போல வெள்ளை.

“நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், பிள்ளை என் மொகத்தையே பாக்க மாட்டேங்கு. தூத்துக்குடிக்குப் போவோம்.”

“ஏளா, பதறாத. ஆத்தாளுக்கு நேந்திருக்கேன். இந்தத் தசராவுக்குக் காளி வேசம் கட்டுதேன். அது முடியட்டும், போவோம்.”

வீட்டில் அவன் சொன்னால் சொன்னதுதான். ஆனால் பிள்ளை விஷயத்தில் இசக்கிசெல்வி லேசுப்பட்டவள் இல்லை. மறுநாள் முதல் பஸ்சில் குழந்தையோடு ஏறி உட்கார்ந்துவிட்டாள். மகராசன் வேல்ராஜ் என்ன செய்வான், கடையைப் பூட்டிவிட்டுப் பின்னாலேயே ஓடினான்.

கண் டாக்டர் ஞானசௌந்தரி குழந்தையின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார்.

“கண்புரை. பிறக்கும்போதே இருந்திருக்கு. மாசமா இருக்கையில காய்ச்சல், உடம்புல தடிப்பு எதாவது வந்துச்சா?”

“அப்படி ஒண்ணும் வரல,” என்று வேல்ராஜ் முந்திக்கொண்டான்.

அதைப் பொய் என்றே அவன் நினைக்கவில்லை. அவன் வீட்டு வழக்கம் அப்படி. அம்மை கண்டால் வாசலில் வேப்பிலை, மருந்து கிடையாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்றா, ஆத்தாள் இறங்கிவிட்டாள். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. வந்தவளை நோய் என்று சொல்வது தெய்வக் குற்றம். மூன்றாம் மாதத்தில் இசக்கிசெல்விக்கு லேசான காய்ச்சலும் மேலெல்லாம் சிவப்புத் தடிப்பும் வந்து போனபோது, ஆஸ்பத்திரியில் மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கியவனும் இவனேதான்.

“வந்துச்சு டாக்டர்,” என்றாள் இசக்கிசெல்வி. “மூணாம் மாசம். இவுக சொல்லக் கூடாதுன்னாக.”

“ரூபெல்லாவா இருக்கும், ஜெர்மன் அம்மைன்னு சொல்லுவாங்க. டெஸ்ட் எடுத்துப் பாப்போம். தாய்க்கு அது லேசாத்தான் வந்துபோகும், அண்ணாச்சி. வயித்துல இருக்க பிள்ளைக்குக் கண்ணு, காது, இருதயம்னு பாதிச்சிரும். கண்ணுக்கு உடனே ஆபரேஷன் செய்யணும். மூளை பாக்கப் பழகுறது இந்த வயசுலதான். தள்ளிப்போட்டா, அப்புறம் புரையை எடுத்தாலும் பார்வை தேறாது.”

வேல்ராஜ் இழுத்தான். “தசரா மட்டும் முடிஞ்சுட்டா…”

“தசரா வருசா வருசம் வரும்,” என்றாள் இசக்கிசெல்வி. “பிள்ளைக்கு இந்த வயசு திரும்ப வருமா?”

வேல்ராஜ் டாக்டர் பக்கம் திரும்பினான். எங்கே கையெழுத்துப் போடணும் என்று கேட்டான்.

டெஸ்டில் ரூபெல்லாதான் என்று வந்தது. நல்லவேளை, காதுக்கும் இருதயத்துக்கும் பழுதில்லை. ஒவ்வொரு கண்ணாக ஆபரேஷன் செய்து, நாடா வைத்த குட்டிக் கண்ணாடி ஒன்றையும் மாட்டிவிட்டார்கள்.

தசரா அன்று வேல்ராஜ் காளி வேடம் கட்டி, சிவந்த பொய்நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு கடைக்கு வந்தான். தெருப் பிள்ளைகள் எல்லாம் அலறி ஓடின. பொன்செல்வி மட்டும் கண்ணாடி வழியாக அவனையே பார்த்துச் சிரித்தாள். மை பூசிய முகத்தில் கண்ணீர் ஓடியதை அவன் துடைக்கவில்லை.

அங்கே நின்றிருந்த அவன் தங்கை சந்தனச்செல்விக்குத் தை மாதம் கல்யாணம்.

“அண்ணே, டாக்டர் சொன்னாகன்னு மதினி என்னை இந்த அம்மைக்கு ஊசி போடச் சொல்லுதாக. ஆத்தா கோவிக்க மாட்டாளா?”

வேல்ராஜ் நாக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

“ஆத்தா வேசத்துல நின்னு சொல்லுதேன், கேட்டுக்கோ. கல்யாணத்துக்கு முந்தியே ஊசியைப் போட்டிரு. மாசமான பெறகு போட முடியாது. தடிப்பு கண்டா டாக்டர்ட்ட மறைக்காத. இதுக்கெல்லாம் ஆத்தா கோவிக்க மாட்டா. பிள்ளைக்கு வார கேட்டைத் தடுக்க வழியிருந்தும் சும்மா இருந்தோம்னா, அதுக்குத்தான் கோவிப்பா.”