இடது கன்னம், வலது கன்னம்

1

இந்தக் கதை என் மூளையில் பிறக்கவில்லை, கன்னத்தில் பிறந்தது. அதனால்தான் கொஞ்சம் எரிகிறது.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: ‘மலையின் மடியில் கோடி ஆண்டுகள் உறங்கிய அந்தக் கல்...’

மனைவி படித்துவிட்டு, “கல்லு தூங்கட்டும், நீங்க கடைக்கு வாங்க” என்றாள். அந்த வரியை அடித்துவிட்டேன். (அடித்ததை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். போகட்டும்.)

2

கடை என்றால் முடிதிருத்தும் கடை. மாமனார் போய்ப் பல வருடம் ஆகிறது. அண்ணனும் தங்கையும் நடத்துகிறார்கள். அண்ணன் என் மச்சான், தங்கை என் மனைவி. நாற்காலி இரண்டு. ஜன்னலோர நாற்காலியைத் தூக்கிவிட்டு சோபா போடலாம் என்றார் மச்சான். அது என் மனைவியின் நாற்காலி.

“முடி வெட்டுவ, சரி. சவரக்கத்தி தீட்ட வருமா? அப்பா தீட்டுன மலைக் கல்லு என்கிட்ட இருக்கு. உன்னோடது ஃபாக்டரியில சுட்ட பிஸ்கட்டு.”

“ரெண்டுலயும் தீட்டிப் பாத்துருவோம்ணே. தோத்தா நாற்காலிய நானே வெளிய தூக்கி வைக்கிறேன்.”

“யாரு மூஞ்சில பாக்கறது?”

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அதுவரை நான் இந்தக் கதையின் ஆசிரியன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

3

[‘நான் சிங்கம்போல் அமர்ந்தேன்’ என்று இங்கே ஒரு வாக்கியம் இருந்தது. “கண்ண இறுக்கி மூடிட்டிருந்தீங்க, அத எழுதுங்க” என்றாள். எழுதிவிட்டேன்.]

இடது கன்னம், மச்சானின் கத்தி. முனை நன்றாகத்தான் வழுக்கியது. கத்தியின் நடுப்பகுதி வந்ததும் முடியை வெட்டாமல் பிடித்து விசாரித்தது.

“வலிக்குதா மாப்பிள்ளை?”

“இல்ல மச்சான். மாமா ஞாபகம் வந்துருச்சு.”

வலது கன்னம், மனைவி. காத்திருந்து காத்திருந்து கேட்டேன்: “எப்ப ஆரம்பிப்ப?”

“முடிஞ்சிருச்சு. மூஞ்சக் கழுவுங்க.”

4

இங்கேயே முடித்திருக்கலாம், கைதட்டலுக்குத் தோதான இடம். ஆனால் மச்சான் முகம் தொங்கிப்போய்க் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரை வில்லனாக்க எனக்குக் கை வரவில்லை.

அவளுக்கும் வரவில்லை. பென்சிலால் அந்தக் கல் முழுக்கக் கோடு போட்டாள். கண்ணாடிப் பலகையில் உப்புத்தாளை விரித்து, கல்லைக் கவிழ்த்துத் தேய்த்தாள். ஓரத்துக் கோடுகள் அழிந்தன. நடுவில் இருந்தவை அப்படியே இருந்தன.

“பள்ளம்ணே. கத்தியோட நடு, கல்லத் தொடவே இல்ல.”

“அது அப்பா தீட்டித் தீட்டி விழுந்த பள்ளம். அத ஒண்ணும் பண்ணக் கூடாதுன்னு வச்சிருக்கேன்.”

“அப்பா பள்ளம் விழ விட்டாரா? தேய்ச்சுச் சமன் பண்ணிக்கிட்டே இருப்பாரே. இது நீ போட்டது.”

மச்சான் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, “இத்தன வருஷமா என் பள்ளத்தையா கும்பிட்டேன்?” என்று சிரித்தார். கடைசிக் கோடு அழியும்வரை அவரே தேய்த்தார்.

(அடிக்குறிப்பு: கற்களுக்குள் சண்டையே கிடையாது. ஃபாக்டரிக் கல் சீக்கிரம் கூராக்கும்; மலைக் கல் அந்தக் கூர்மையைப் பதமாக்கும். மல்லுக்கட்டியது எங்கள் குடும்பம் மட்டும்தான்.)

5

அவர் கத்தியை அவள் வாங்கி முதலில் தன் கல்லில் தீட்டினாள், பிறகு அப்பா கல்லில், பிறகு தோல்வாரில். மச்சான் ஜன்னலோர நாற்காலியில் போய் உட்கார்ந்து மோவாயை உயர்த்தினார்.

“எந்தப் பக்கம்ணே?”

“முழுசும் பண்ணு.”

நுரையைத் துடைத்ததும் கன்னத்தைத் தடவிக்கொண்டே ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று எழுதிப் பார்த்தேன். எப்படி எழுதினாலும் மச்சான் என்னைவிட நன்றாகப் பேசுகிறார். ஆகவே அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். தயவுசெய்து சோபாவை மட்டும் உள்ளே கொண்டுவராதீர்கள். அடுத்த சவரத்துக்கும் நான் அவளிடம்தான் உட்கார வேண்டும்.