இரவல் போகாத அலமாரி

நூலகத்தின் மூன்றாவது மாடியில், ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் மங்கா எனும் ஜப்பானியப் படக்கதைகளுக்கு ஓர் அலமாரி இருந்தது. எதிரே நான்கு நாற்காலிகள். புதன், சனி மாலைகளில் நான்கும் நிரம்பிவிடும். நிரம்பிய பிறகும் பக்கம் புரளும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் வராது.

நான்காவது நாற்காலி பிப்பெட்டுடையது. அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். பிப்பெட் என்பது அங்கே திரவத்தை அளந்து சொட்டுவிடும் கண்ணாடிக் குழாய். பேச்சு சொட்டுச் சொட்டாகத்தான் வரும், அதுவும் அளந்து வரும் என்பதால் கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் அது. காலை ஏழு முதல் மூன்று வரை சோதனைக் குழாய்களோடுதான் அவளுக்கு உறவு. குழாய்கள் திருப்பிக் கேள்வி கேட்பதில்லை.

முதல் நாற்காலியில் கணக்கு வாத்தியார். நாளிதழை விரித்து அதற்குள் மங்காவை வைத்துப் படிப்பார். பல நாள் நாளிதழ் தலைகீழாக இருக்கும். இரண்டாவதில் பல் டாக்டரின் ரிசப்ஷனிஸ்ட். சோகமான இடம் வந்தால் மூக்கை உறிஞ்சுவார். மூன்றாவதில் பஸ் ஓட்டுநர். இரண்டு டிரிப்புகளுக்கு நடுவே கிடைக்கும் நாற்பது நிமிடத்தில் ஒரு அத்தியாயத்தை முடித்து, புத்தகத்தை எடுத்த இடத்திலேயே நேராகச் செருகிவிட்டுப் போவார். இரண்டு வருடமாக இந்த நான்கு பேரும் முழங்கை இடிக்க உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

நான்கு பேரும் படித்தது ஒரே தொடர். மொத்தம் இருபத்திரண்டு புத்தகம். மேகங்களுக்கு நடுவே மிதக்கும் ஊர்கள். ஊர் விட்டு ஊர் படகு ஓட்டும் ஒரு பெண். படகின் அடுப்புக்குள் குடியிருக்கும், பூனை அளவே உள்ள சோம்பேறி டிராகன். ஒவ்வொரு எல்லையிலும் அவள் படகைச் சோதனை போடும் ஒரு அதிகாரி. பதினைந்து புத்தகமாக அந்த ஆள் அவள் மூட்டைகளை எல்லாம் பிரித்துப் பார்க்கிறான், பார்க்க வேண்டியதை மட்டும் பார்க்க மாட்டேன் என்கிறான். பதினாறாவதின் கடைசிப் படத்தில்தான், "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்று வாயைத் திறக்கிறான். அதே படத்தில் காவலர்கள் கதவை உடைக்கிறார்கள். புத்தகம் முடிந்தது.

அந்தச் சனிக்கிழமை பிப்பெட் பதினாறை மூடிவிட்டு, பதினேழை எடுக்க எழுந்தாள். அலமாரியின் நெற்றியில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது.

"ஆறு மாதமாக ஒரு புத்தகமும் இரவல் போகவில்லை. மாதக் கடைசியில் இந்த அலமாரி அகற்றப்படும். போட்டித் தேர்வு நூல்கள் வைக்கப்படும்."

பிப்பெட் அதை இரண்டு தடவை படித்தாள். மற்ற மூன்று பேரும் காகிதத்தைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், பிறகு தரையைப் பார்த்தார்கள்.

ஆறு மாதமாக ஒன்றும் போகவில்லை என்பது உண்மைதான். எல்லோரும் இங்கேயே உட்கார்ந்து படித்தார்கள். நல்ல பிள்ளைகளாக எடுத்த இடத்திலேயே வைத்தார்கள். மேசையில் போட்டுவிட்டுப் போயிருந்தால்கூட அடுக்க வரும் ஊழியர் கண்ணில் பட்டிருக்கும். ஒழுங்காக இருந்ததுதான் தப்பாகப் போயிற்று.

பிப்பெட்டுக்குப் பேசத்தான் வராது, அளக்க வரும். அன்றே லேபிள் தாளை மெல்லிய கீற்றுகளாக வெட்டி, ஒவ்வொரு புத்தகத்திலும் நான்காம் பக்கத்துக்கும் ஐந்தாம் பக்கத்துக்கும் நடுவே ஒன்று வைத்தாள். புத்தகத்தை யார் திறந்தாலும் கீற்று விழும். கணக்குக் கெடாமலிருக்க அந்த வாரம் அவள் ஒன்றையும் திறக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை எண்ணினாள். இருபத்திரண்டில் பத்தொன்பது விழுந்திருந்தது. அதைப் புத்தக வாரியாக அட்டவணை போட்டு, அந்த மாடியின் நூலகரிடம் நீட்டினாள்.

நூலகர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முழுதும் படித்தார். "அழகா இருக்கும்மா. நான் ஒத்துக்கறேன். ஆனா கம்ப்யூட்டர் ஒத்துக்காதே. அதுக்கு பீப் சத்தம் கேட்டாத்தான் புத்தகம் போச்சுன்னு அர்த்தம்."

"எத்தனை பீப்?"

"இருபது. புதன்கிழமை மாசக் கடைசி, அன்னிக்கு ஆறு மணிக்குள்ள. ஒரு அட்டைக்கு நாலு புத்தகம். எடுத்த கையோட திருப்பிக் கொடுக்கறது, திரும்ப எடுக்கறது, அந்த வேலையெல்லாம் செல்லாது. ஒரு வாரமாவது வெளிய இருக்கணும்."

ஐந்து அட்டை வேண்டும். நாற்காலிகள் நான்கு.

அவள் திரும்பி வந்து மூன்று பேருக்கும் முன்னால் நின்றாள். "இது... இருபது வேணும்," என்றாள். ஒருவருக்கும் புரியவில்லை. அட்டவணையின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினாள்.

"அட, இவ்வளவுதானா?" என்றார் ஓட்டுநர். அவர் குரல் பஸ்ஸின் பின்சீட்டு வரைக்கும் போய்ப் பழகிய குரல். மேசைகளில் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "அட்டை வீட்ல தூங்குது. புதன்கிழமை எடுத்தாந்துடறேன்."

"வீட்டுக்குக் கொண்டுபோனா எங்க வீட்டுக்காரர் முதல்ல படிச்சுட்டு முடிவைச் சொல்லிடுவாருங்க," என்றார் ரிசப்ஷனிஸ்ட். "அதுக்குத்தான் இங்க வந்து படிக்கறேன். பரவால்ல, பீரோல வெச்சுப் பூட்டிக்கறேன்."

கணக்கு வாத்தியார் சுற்றுமுற்றும் பார்த்தார். "ஏம்மா, கவுன்ட்டர்ல கூட்டம் இருக்குமா? நம்ம ஸ்கூல் பசங்களோட அப்பா அம்மா யாராவது..."

"காலையிலேயே வாங்க சார். கூட்டம் இருக்காது."

யார் எதை எடுப்பது என்று பட்டியல் போட்டாள். பதினேழு முதல் இருபது வரை வந்தபோது பேனா நின்றது. ஓட்டுநரும் பதினாறை முடித்திருந்தார். இருவருக்கும் பதினேழுதான் வேண்டும். எனக்கு என்று கேட்க வாய் வரவில்லை. ஓட்டுநர் பெயருக்கு எதிரே எழுதிவிட்டு, தான் படித்து முடித்த பதின்மூன்று முதல் பதினாறு வரையைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்டாள்.

ஐந்தாவது அட்டை அக்காவுடையது. அதுதான் பெரிய மலை. அக்கா அழகு நிலையத்தில் வேலை செய்தாள். பிப்பெட் பேசாத பேச்சையெல்லாம் சேர்த்து அவளே பேசுவாள்.

"இருபத்தஞ்சு வயசாகுது, இன்னும் பொம்மை பாத்துக்கிட்டு. எதுக்குடி என் அட்டை?"

"ஒரு மாசம் பாத்திரம் நான் கழுவறேன்."

"ரெண்டு மாசம்."

"சரிக்கா."

பேரம் இவ்வளவு சுலபமாகப் படிந்ததில் அக்காவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. துணி மடிப்பதை நிறுத்தினாள். "அப்படி என்னதான்டி இருக்கு அதுல? பறக்கறது, மந்திரம் போடறது, வாள் சண்டை. உனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

பிப்பெட்டும் ஒரு சட்டையை எடுத்து மடித்தாள். "அதுல படகு ஓட்டற பொண்ணு தைரியசாலி இல்லக்கா. படகை எடுக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் அவ கை நடுங்கும். அதைக் கோடு கோடா வரைஞ்சு காட்டுவாங்க. எல்லையில சோதனை போடறவன் ஒருத்தன் இருக்கான், அவன்கூட அதைப் பாக்க மாட்டான். நடுங்கிக்கிட்டே கயித்தை அவுப்பா. பதினாறு புத்தகம் ஆச்சு, இன்னும் நடுக்கம் நிக்கல. ஆனா ஒரு தடவைகூட அவ படகை எடுக்காம இருந்ததில்ல."

அக்கா இரண்டு சட்டைகளை மடித்துவிட்டு, பிப்பெட்டின் பட்டியலை எடுத்துப் பார்த்தாள். பிறகு, "அந்தச் சோதனை போடறவன், கல்யாணம் ஆனவனா?" என்றாள்.

"இல்ல."

"அப்ப சரி. ஒன்பதுலேர்ந்து பன்னெண்டா? ஒண்ணாவது இல்லாம எப்படிடி படிக்கறது?"

"வாத்தியார் முடிச்சதும் வாங்கித் தர்றேன்."

புதன்கிழமை காலையில் வாத்தியார் வந்து, தன்னுடைய நான்கையும் நாளிதழில் சுற்றிக்கொண்டு போனார். மதியம் அக்கா வந்து, எட்டு நிமிடத்தில் நூலகருக்கு எந்தப் புருவ வடிவம் பொருந்தும் என்பது வரை சொல்லிவிட்டுப் போனாள். நான்கரைக்கு ரிசப்ஷனிஸ்ட். ஐந்துக்கு பிப்பெட். பதினாறு பீப் ஆயிற்று.

ஓட்டுநர் ஐந்தே காலுக்கு வர வேண்டும். ஐந்தரை ஆயிற்று. ஐந்தே முக்கால் ஆயிற்று. ஜன்னல் வழியாக பஸ் நிறுத்தம் தெரிந்தது. பஸ்தான் தெரியவில்லை.

"பாலத்துல லாரி கவுந்துடுச்சாம்," என்று நூலகர் செல்போனைப் பார்த்துச் சொன்னார். "எல்லா பஸ்ஸும் நிக்குது."

"மேடம், ஒரு பத்து நிமிஷம்..."

"ஆறு மணிக்கு கம்ப்யூட்டர் தானா மூடிக்கும். நான் பிடிச்சு நிறுத்தினாலும் நிக்காது."

பிப்பெட் மாடியைப் பார்த்தாள். நீள மேசைகளில் பதினைந்து பேர் தேர்வுக் குறிப்புகளில் தலையைப் புதைத்திருந்தார்கள். ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. அவள் பதினேழு முதல் இருபது வரை நான்கையும் அலமாரியிலிருந்து எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். முழங்கால் இரண்டும் தனித்தனியாக ஆடின.

"யாருக்காவது," என்றாள். யாரும் நிமிரவில்லை. மறுபடியும், கொஞ்சம் உரக்க: "யாருக்காவது ஒரு நல்ல கதை வேணுமா?"

பதினைந்து தலைகள் நிமிர்ந்தன. யாரோ உஷ் என்றார்கள். உஷ் என்றது நூலகர் இல்லை, அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இனி நிறுத்தினாலும் மானம் போனது போனதுதான். அவள் பேசினாள். மேகத்தில் மிதக்கும் ஊர்களைச் சொன்னாள். அடுப்பை விட்டு எழுந்து வர மறுக்கும் டிராகனைச் சொன்னாள். மூட்டை மூட்டையாகப் பிரித்துப் பார்த்தும் ஒன்றும் கண்டுபிடிக்காதவனைச் சொன்னாள். "அவன் பாட்டுக்குச் சட்டம் பேசறவன். அவ பாட்டுக்குப் படகு ஓட்டறவ. கடைசியில அவன் வாயைத் திறக்கறான், கதவு உடையுது. அவன் அவளைக் காப்பாத்த வந்தானா, காட்டிக் கொடுக்க வந்தானா? அது இதுலதான் இருக்கு. எனக்கும் தெரியாது. நான் இன்னும் படிக்கல."

"தெரியாமலேயா விக்கறீங்க?" என்றது ஒரு குரல்.

குரல் மேசைப் பக்கமிருந்து வரவில்லை. மூலையில் கை கழுவும் தொட்டிக்கு அடியிலிருந்து வந்தது. முதலில் இரண்டு பூட்ஸ் வெளியே வந்தன, பிறகு ஒரு ஸ்பானர், பிறகு குழாய் ரிப்பேர்காரர். அவள் வயதுதான் இருக்கும். தலையில் ஒட்டடை.

"விக்கல. இரவல். சும்மாதான்."

"சும்மான்னா நாலும் குடுங்க."

"அட்டை இருக்கா?"

"லைப்ரரி அட்டையா? நான் இங்க வந்ததே தண்ணி ஒழுகுதுன்னு போன் வந்ததாலதாங்க."

"அடையாள அட்டை ஏதாவது இருக்கா?" என்று நூலகர் கவுன்ட்டரிலிருந்தே கத்தினார். அந்த மாடியில் அவர் கத்தியது அதுதான் முதல் தடவை. "ஓடி வாப்பா! நாலு நிமிஷத்துல போட்டுத் தர்றேன்!"

டிரைவிங் லைசென்ஸ் இருந்தது. படிவத்தில் பிறந்த தேதியை அவர் சொல்லச் சொல்ல பிப்பெட் நிரப்பினாள். பிரிண்டர் ஒரு தடவை முனகிவிட்டு நின்றது. நூலகர் அதன் மண்டையில் ஒரு தட்டு தட்டினார். அட்டை வந்து விழுந்தது. பீப். பீப். பீப். நான்காவது பீப் கேட்டபோது ஐந்து ஐம்பத்தெட்டு.

தேர்வு மேசையில் ஒரு பெண் கை தட்டினாள். அவளை வேறு யாரோ உஷ் என்றார்கள்.

நூலகர் அலமாரியிலிருந்த காகிதத்தைக் கிழித்து வந்து குப்பைக் கூடையில் போட்டார். "இனிமே மாசம் நாலு புத்தகமாவது வீட்டுக்குக் கொண்டுபோங்கம்மா. ரொம்ப நல்லவங்களா இருக்காதீங்க."

ஆறு ஐந்துக்கு ஓட்டுநர் படிகளில் தடதடவென்று ஏறி வந்தார். கையில் அட்டை. மூச்சு வாங்கியது. "போச்சா?"

"இல்லண்ணே, இருபது ஆயிடுச்சு."

"அப்பாடா!" என்று நெஞ்சில் கை வைத்தார். பிறகு அலமாரியைப் பார்த்தார். இருபத்தொன்றும் இருபத்திரண்டும் மட்டும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. "அப்ப பதினேழு?"

குழாய் ரிப்பேர்காரர் கருவிப் பையை மெதுவாக முதுகுக்குப் பின்னால் நகர்த்தினார்.

"அநியாயமா இருக்கே," என்றார் ஓட்டுநர். "ஒரு வாரம் நான் எப்படிங்க தூங்கறது? சரி, கீழ பஸ் நிக்குது. யாரும் முடிவை மட்டும் சொல்லிடாதீங்க!" என்று வந்த வேகத்திலேயே இறங்கிப் போனார்.

நூலகம் மூடியது. வெளிப்படியில் வெயில் இன்னும் இருந்தது. பிப்பெட் இரண்டு படி இறங்கியபோது பின்னால் குரல் வந்தது.

"ஏங்க, ஒரு நிமிஷம். பதினேழை எடுத்துட்டேன். முன்னாடி பதினாறு இருக்கே, அதுல நடந்தது யார் சொல்லுவா?"

"அதுல பதின்மூணுலேர்ந்து பதினாறு வரைக்கும் என் பையில இருக்கு. தரட்டுமா?"

"அது பதின்மூணுலேர்ந்துதானே? எனக்கு ஒண்ணுலேர்ந்து வேணும்."

வாத்தியாரிடமும் ரிசப்ஷனிஸ்டிடமும் அக்காவிடமும் போய் வாங்க வேண்டும். அதைவிடச் சொல்லிவிடுவது சுலபம். இப்படி ஒரு எண்ணம் தனக்கு வந்ததே பிப்பெட்டுக்கு ஆச்சரியமாக இருந்தது. அவள் படியிலேயே உட்கார்ந்தாள். அவர் நடுவில் பையை வைத்துவிட்டு அந்தப் பக்கம் உட்கார்ந்தார்.

முதல் புத்தகத்திலிருந்து சொன்னாள். டிராகன் வந்த இடத்தில் அவர் சிரித்தார். படகு கவிழ்ந்த இடத்தில், "ஐயோ, கயித்தை யாராவது அப்படிக் கட்டுவாங்களா?" என்று கோபப்பட்டார். எட்டாவது புத்தகத்தில் சோதனைக்காரன் அவள் குடையைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டதைச் சொன்னபோது, "ஆஹா, அங்கதான் ஆரம்பம்," என்றார். இரண்டு வருடமாக அவள் மனசுக்குள் மட்டும் சொல்லிவந்த வார்த்தை அது.

முக்கால் மணி நேரத்தில், வாசல் விளக்கு எரிந்ததும், பதினாறாவதின் கடைசிப் படத்துக்கு வந்து சேர்ந்தாள்.

"கதவு உடையுது. அப்புறம்?"

"அப்புறம் உங்க பையில இருக்கு."

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு பதினேழை எடுத்தார். வழக்கம்போல இடது பக்கம் திறக்கப் போனார்.

"ஐயோ, அது முடிவு! மூடுங்க, மூடுங்க! இது ஜப்பான் புத்தகம், வலது பக்கத்துலேர்ந்து படிக்கணும்."

அவர் சட்டென்று மூடி, புத்தகத்தைத் திருப்பினார். அதைத் தன் மடியில் வைக்காமல், நடுவே இருந்த கருவிப் பையின் மேல், இருவருக்கும் தெரிகிற மாதிரி வைத்தார்.

"என் கை அழுக்கு," என்றார். "நீங்களே திருப்புங்க."

அவள் முதல் பக்கத்தைத் திருப்பினாள்.