மருமகள் எழுத முடியாத பதில்

"ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்துல எத்தனை எலும்பு?"

இதுதான் அன்றைக்கு நான் போட்ட முதல் கேள்வி. ஞாயிற்றுக்கிழமை, மதியத் தேநீர் நேரம். கோச்கோர் என்கிற மலையூரில் எங்கள் தெருக்காரர்களுக்கு என்று வாட்ஸப்பில் ஒரு குழு உண்டு. தெருவில் இருப்பவர்கள் பாதி, மாஸ்கோவுக்கும் சியோலுக்கும் போய்விட்டவர்கள் பாதி, மொத்தம் அறுபத்து மூன்று பேர். வாரத்துக்குப் பதினைந்து கேள்வி. முதலில் சரியாகச் சொன்னவருக்குப் புள்ளி. எழுதலாம், குரலில் சொல்லலாம். படம் மட்டும் அனுப்பக் கூடாது. மாஸ்கோவில் டாக்சி ஓட்டும் ஜானிபாய் ஒரு வாரம் பாடப்புத்தகப் பக்கத்தையே படம் பிடித்துப் பதிலாக அனுப்பினான், அதனால் வந்த சட்டம்.

"எழுபது!" என்றான் அல்தாய், குரலில்.

"ஏழு, எஜே," என்று எழுதினாள் அவன் மருமகள் பெகாயிம். எஜே என்றால் அக்கா, பைகே என்றால் அண்ணன்; தெருவுக்கே நான் எஜே.

"ஏழு சரி."

"அது எப்படி? எனக்கே ஏழுதானே இருக்கும்!"

"உனக்கும் ஏழு, அதுக்கும் ஏழு."

"அப்ப அது மட்டும் ஏன் மரத்து மேல மேயுது?"

"பைகே, நீங்களும் முயற்சி பண்ணுங்க," என்றான் ஜானிபாய்.

அன்றைக்கு எல்லோரும் முன்கூட்டியே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். காரணம் கேள்வி இல்லை, கார். அல்தாயிடம் ஒரு வெள்ளை நிவா இருக்கிறது. அதை அவன் தவிர யாரும் தொட்டதில்லை. பெகாயிம் கல்யாணத்துக்கு முன்பே ஓட்டுநர் உரிமம் வாங்கியவள். ஆனாலும் பக்கத்து ஊர் பாலர் பள்ளிக்கு வேலைக்குப் போக தினமும் காலையில் சாலையோரம் நின்று, நிறைந்து வழியும் வேனுக்குக் கை காட்டுவாள். முந்தின வாரம் இவன் வாய்க்கொழுப்பில் குழுவிலேயே சொல்லிவிட்டான்:

"மருமக என்னை ஜெயிக்கட்டும், காலையில சாவி அவளுக்கு. ஒரே ஒரு வாரம் ஜெயிச்சாப் போதும்!"

"சாட்சி நாங்க," என்று நாற்பது பேர் எழுதினார்கள்.

"ஆனா என் எதிர்ல உக்காந்துதான் விளையாடணும். இன்டர்நெட்டுல தேடக் கூடாது."

ஆக, ஒரே மேசை. இந்தப் பக்கம் மூக்குக்கண்ணாடியும் ஒற்றை விரலுமாக மாமனார், அந்தப் பக்கம் இரண்டு கட்டைவிரலோடு மருமகள். நடுவில் ரொட்டியும் ஜாமும் வைத்துக்கொண்டு அல்தாயின் மனைவி சோனுன்.

"ஆக்டோபசுக்கு எத்தனை இதயம்?"

"மூணு!" அல்தாய்.

"சரி."

"எனக்கு இருக்கிற ஒண்ணையே சமாளிக்க முடியல," என்றான் ஜானிபாய். "சிக்னல்ல நிக்கிறேன், எஜே, அடுத்தது சீக்கிரம்!"

இப்படியே பதினாலு கேள்வி ஓடியது. மற்றவர்களுக்கு ஒன்று, இரண்டு. அல்தாய்க்கு ஐந்து, பெகாயிமுக்கு ஐந்து. பதினைந்தாவதுதான் தீர்ப்பு. அவர்கள் இருவருக்கும் வழிவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். அதற்காக நான் எழுதி வைத்திருந்த கேள்வியை அனுப்பினேன்:

"இர்திஷ் ஆறு எந்த மலையில் பிறக்கிறது?"

அனுப்பின பிறகுதான் உறைத்தது. அல்தாய் மலை! அந்தப் பெண்ணின் மாமனார் பேர். மாமனார் பேரை மருமகள் சொல்லலாமா? எங்கள் தெருவில் எந்த மருமகளும் சொன்னதில்லை. நான் இந்தத் தெருவில் பிறந்தவள், அவனைவிட இரண்டு வயது மூத்தவள். 'டேய் அல்தாய்' என்று கூப்பிட்டே வளர்ந்த வாய். எனக்கு எங்கே அது தோன்றும்?

"ஐயோ," என்றாள் சோனுன், குரலில்.

"எஜே! கேள்வியை மாத்துங்க!" ஜானிபாய்.

"மாத்தக் கூடாது!" அல்தாய் சந்தோஷத்தில் குதித்தான். எழுதுவதை விட்டுவிட்டு மைக்கைப் பிடித்துக்கொண்டான். "போட்ட கேள்வி போட்டதுதான்! என் அப்பன் வச்ச பேரு, இன்னைக்கு என் காரைக் காப்பாத்துது பாருங்க! மருமகளே, எங்க, சொல்லு பாக்கலாம்? தெரியும்ல உனக்கு?"

"தெரியும், அத்தா." அதே பதிவில், பின்னால் அவள் குரல். மாமனாரை 'அத்தா', அதாவது அப்பா என்றுதான் அவள் கூப்பிடுவாள்.

"தெரிஞ்சா சொல்லேன்!"

"அவ வாயால சொல்ல வேணாம், எழுதினாப் போதும்," என்று யாரோ எழுதினார்கள். "விரலுக்கு என்ன நாக்கா இருக்கு?"

"எழுதினாலும் சொன்னதுதான்!"

"சொன்னது காதுல விழணும். எழுத்து எங்க விழுது?"

"இங்க சியோல்ல என் பொண்டாட்டி அழுதுக்கிட்டிருக்கா, சீக்கிரம் முடிங்க!"

"அழறாளா?"

"சிரிச்சு, பைகே!"

இவன் மைக்கை விடவில்லை. "நான் நிதானமாக் கண்ணாடியைத் துடைச்சு, தேநீர் ஒரு மடக்குக் குடிச்சு, அப்புறமா எழுதுவேன். அவசரமே இல்ல. அ... ல்..."

டிங் என்றது போன். பெகாயிமிடமிருந்து ஒரு படம்.

படத்தில் அல்தாய். தலையில் கல்பாக் தொப்பி ஒரு பக்கம் சரிந்து, வாய் திறந்து, ஒற்றை விரல் ஆகாசத்தில் நிற்கிறது. மீசையில் ஜாம்.

அதற்கு நேர் கீழே, ஏழு நொடி கழித்து, அவனே எழுதினது வந்து விழுந்தது: "அல்தாய்".

குழு வெடித்துவிட்டது. ஜானிபாய் ஹாரன் அடித்த சத்தம்தான் பத்து நொடிக்கு. பக்கத்துக் காரில் யாரோ ரஷ்ய மொழியில் திட்டினது அதிலேயே கேட்டது.

"செல்லாது!" என்று கத்தினான் அல்தாய். "எஜே, படம் செல்லாதுன்னு நீதானே சட்டம் போட்ட?"

"புத்தகத்தைப் படம் எடுக்கக் கூடாதுன்னு போட்டேன்டா. நீ என்ன புத்தகமா?"

"பேச்சை மாத்தாத! மலையைக் கேட்டா கிழவனைக் காட்டறா! இதுல மலை எங்க இருக்கு?"

ஒரு நொடி எனக்கும் பயம்தான். தவறு என்னுடையது. அதற்காக அந்தப் பெண் இன்னும் எத்தனை காலையில் குளிரில் நிற்பது? அவனையும் ஏமாற்றக் கூடாது. ஆகவே குழுவையே கேட்டேன்.

"படத்துல இருக்கறது யாரு? எல்லாரும் எழுதுங்க."

"அல்தாய்." "அல்தாய் பைகே." "நம்ம அல்தாய்." முப்பது, முப்பத்தைந்து வந்தது. நடுநடுவே தெருவின் மருமகள்கள் எழுதினார்கள்: "அவர்தான்." "அவரேதான்." "பேரு தெரியும், எஜே, கேக்காதீங்க."

சோனுனும் மைக்கைப் பிடித்துக்கொண்டாள். "நாப்பத்தோரு வருஷமா நானும் சொன்னதில்ல. சந்தையில தொலைஞ்சு போனா, 'ஏங்க, தொப்பிக்காரரே'ன்னு கூப்பிட்டு, பதினஞ்சு தொப்பி திரும்பும். இப்படிப் படம் காட்டலாம்னு எனக்குத் தோணவே இல்லையே!"

"நீ யாரு பக்கம்?" என்றான் அல்தாய்.

"வேன்ல நசுங்கறவங்க பக்கம்."

நான் தீர்ப்பை எழுதினேன்: "படம் முதல்ல வந்தது. படத்துக்குக் கீழ பேரு வந்தது. எழுதினது படத்துல இருக்கிற ஆளே. பதில் அவளோடது, கையெழுத்து உன்னோடது. அல்தாய், உனக்கு ஆட்சேபணை இருந்தா ஒண்ணு பண்ணு. அது உன் படம் இல்லைன்னு எழுது."

அவன் எழுதுகிறான் என்று காட்டியது. நின்றது. மறுபடி எழுதுகிறான் என்று காட்டியது. அறுபத்து மூன்று பேரும் அந்த மூன்று புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"என் படம்தான்," என்று வந்தது. கொஞ்சம் கழித்து, "மீசையைத் துடைக்கச் சொல்லியிருக்கலாம், புள்ள."

"துடைச்சிருந்தா நேரம் போயிருக்கும், அத்தா," என்றாள் பெகாயிம்.

"சாவி ஆணியில தொங்குது. நாளைக் காலையிலேருந்து..."

"எடுத்துட்டேன், அத்தா."

"எப்ப?"

"நீங்க எழுதி எழுதி நிறுத்தினீங்களே, அப்ப."

அடுத்த பதிவில் பேச்சே இல்லை. இரண்டு முறை இருமி, மூன்றாவதில் உறுமிப் பிடித்துக்கொண்ட எஞ்சின் சத்தம் மட்டும்.

"இப்பவேவா? கிளட்ச் கொஞ்சம் கடினம், பாத்து! சோனுன், என் செருப்பு எங்க?"

"கூடப் போறீங்களா, பைகே?" என்றான் ஜானிபாய்.

"ஓட்டத் தெரிஞ்சவ பக்கத்துல எனக்கென்ன வேலை?" மூச்சு வாங்கியது அவனுக்கு, ஓடுகிறான் போல. "கேட்டைத் திறக்கப் போறேன். தெருவுல யாரும் நிக்காதீங்க!"

நான் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, என் கோழிகளை உள்ளே விரட்ட ஓடினேன்.