நில்லு என்றால் ஓடு

எனக்கு வாய் அதிகம். லிஃப்ட் ரிப்பேருக்குப் போகிற கட்டடங்களில் காவலாளியிலிருந்து மேனேஜர் வரை என்னிடம் மாட்டிக்கொண்டு முழிப்பார்கள். "உங்களுக்கு ஸ்பேனரே வேண்டாங்க, பேசியே லிஃப்டை மேல ஏத்திடுவீங்க" என்பாள் என் மனைவி. இந்த வாயைப் பார்த்துத்தான் கோச் எனக்கு அந்த வேலையைக் கொடுத்தார்.

என் மனைவி குத்துச்சண்டை போடுகிறவள். பகலில் பார்சல் கிடங்கில் பெட்டி பிரிக்கிற வேலை. சாயங்காலம் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில் பயிற்சி. பணத்துக்காகப் போடும் சண்டை இல்லை; ஜெயித்தால் ஒரு கோப்பை, தோற்றால் வீங்கிய கண். கல்யாணமான புதிதில் இதெல்லாம் வேண்டாம் என்று மல்லுக்கு நின்றேன். அவளோடு மல்லுக்கு நின்று யார் ஜெயிப்பது? ஒரே வருடத்தில் நானே அவளுடைய கிளவுஸைத் துடைத்து வெயிலில் வைக்க ஆரம்பித்துவிட்டேன்.

மூன்று நிமிடம் ஒரு ரவுண்டு, மொத்தம் மூன்று ரவுண்டு. ஒன்பது நிமிடம்தானே என்று நானும்தான் நினைத்தேன். மூன்றாவது ரவுண்டில் கையைத் தூக்க முடியாமல் நின்று அடி வாங்குகிறவர்களைப் பார்த்த பிறகு அப்படி நினைப்பதை விட்டேன். அதற்காகத்தான் ஓட்டம். மூன்று நிமிடம் விரட்டி ஓட வேண்டும், ஒரு நிமிடம் மெதுவாக, மறுபடியும் மூன்று நிமிடம். இப்படி எட்டு ரவுண்டு. பக்கத்திலேயே ஒருவர் சைக்கிளில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வர வேண்டும்.

எங்கள் கோச் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். அவர் ஷெட்டில் ஒரு வழக்கம் வைத்திருந்தார். கடைசி மூன்று ரவுண்டில் சைக்கிளில் வருகிறவர் ஓடுகிறவரை நிறுத்தப் பார்க்க வேண்டும். கெஞ்சலாம், மிரட்டலாம், என்ன பொய் வேண்டுமானாலும் சொல்லலாம். தொட மட்டும் கூடாது. அதில் ஏமாந்து நின்றுவிட்டால் அந்த வாரம் முழுக்க ரிங்கில் கால் வைக்க முடியாது.

"மூணாவது ரவுண்டுல உள்ளேருந்து ஒரு குரல் நில்லு நில்லுன்னு கெஞ்சும்மா. அந்தக் குரலைக் காதுல வாங்காம இருக்கப் பழகணும். அதுக்குத்தான் இந்த ஆளு" என்று என்னைக் காட்டுவார்.

அந்த வேலையில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. உங்கம்மா வந்திருக்காங்க என்பேன். ஷூ கிழிஞ்சிருக்கு என்பேன். அம்மா தலைமேல் சத்தியம் செய்வேன். ஒரு தடவை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சைக்கிளோடு விழுந்து உருண்டேன். அவள் என்னைத் தாண்டிக் குதித்து, "செத்துட்டா சொல்லி அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள். ஷெட்டே விழுந்து விழுந்து சிரித்தது. எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட அவள் நிற்கவில்லை.

அணித் தேர்வுப் போட்டிக்கு முந்தின நாள்தான் அது நடந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்கு எடை பார்ப்பார்கள். ஐம்பத்தேழு கிலோவுக்கு மேல் ஒரு பொட்டு இருந்தாலும் போட்டி கிடையாது. மத்தியானம் ஷெட்டுத் தராசில் ஏறினால் ஐம்பத்தெட்டும் கொஞ்சமும் காட்டியது. கோச் முன்னாடியே போட்டி நடக்கும் ஊருக்குப் போய்விட்டார். போனில் கேட்டபோது, "ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு லேசா ஒரு ஓட்டம் ஓடச் சொல்லு. மிச்சம் ராத்திரி தூக்கத்துலயே குறைஞ்சிடும்" என்றார்.

லேசா என்றார். நாங்கள்தான் அதிபுத்திசாலிகள் ஆயிற்றே. குப்பைக்கு வைக்கிற பெரிய கறுப்புப் பிளாஸ்டிக் பைகள் இரண்டை எடுத்துத் தலைக்கும் கைக்கும் ஓட்டை வெட்டினேன். ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டி, அதற்கு மேல் ஸ்வெட்டர். காற்று புகாதபடி மணிக்கட்டிலும் இடுப்பிலும் என் பையிலிருந்த கரண்ட் டேப்பைச் சுற்றினேன். காலையிலிருந்து அவள் ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "எட்டு போதாது, பத்து ரவுண்டு ஓடிடலாம்" என்று சொன்னதும் நான்தான். இதை யாரும் என்னிடம் கேட்காவிட்டாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மூன்று மணி வெயிலில் கிளம்பினோம். கால்வாய் ஓரமாகப் போய், ஆலைச் சுவரைச் சுற்றி, பஸ் டிப்போ வழியாகத் திரும்புகிற பாதை. முதல் ஐந்து ரவுண்டும் எனக்கு ஒரே கொண்டாட்டம். டேப் விலகின இடத்திலெல்லாம் வியர்வை சொட்டியது. "ஊத்துது பாரு, ஊத்துது பாரு" என்று கத்திக்கொண்டே மிதித்தேன்.

ஏழாவது ரவுண்டில் சொட்டுவது நின்றது. எனக்குச் சந்தோஷம்தான். வியர்வை நின்றால் உடம்பு வற்றிவிட்டது, எடை வந்துவிட்டது என்று எங்கள் ஷெட்டில் எல்லோரும் சொல்வார்கள். நானும் அதை வேதவாக்காக நம்பியிருந்தேன். ஆலைச் சுவர் நிழலில் அவள் முகத்தை நேராகப் பார்த்தபோதுதான் எனக்குத் திக்கென்றது. மேலுதட்டில் ஒரு துளி ஈரம் இல்லை. முகம் செங்கல் மாதிரி சிவந்து காய்ந்து கிடந்தது. இடது கால் வலது காலில் இடறியது.

"போதும். நில்லு" என்றேன்.

அவள் சிரித்தாள். "அதுக்குள்ளயே ஆரம்பிச்சிட்டீங்களா?"

"இல்லடி, நெஜமாவே சொல்றேன். உனக்கு வேர்வையே காணோம். நில்லு."

"குரல்லாம் நடுங்குதே, புதுசா இருக்கு. நல்லா பண்றீங்க இன்னைக்கு."

வேகத்தைக் கூட்டினாள். நான் எவ்வளவு பயந்தேனோ அவ்வளவுக்கு அவள் அதை நடிப்பென்று எடுத்துக்கொண்டாள். சத்தியம் செய்தேன். "போன மாசமும் சத்தியம் பண்ணீங்க" என்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதையும் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"எத்தனாவது ரவுண்டு?" என்று கேட்டாள்.

"ஏழு. இதோட போதும், தாயே."

பத்தடி போனதும் மறுபடியும், "எத்தனாவது ரவுண்டு?" இன்னும் பத்தடி தள்ளி மறுபடியும் அதே கேள்வி. அப்புறம், "கதவை மூடிடப் போறாங்க, பெட்டியெல்லாம் உள்ளயே இருக்கு" என்றாள். அது என்னிடம் சொன்னது இல்லை. என் பக்கம் திரும்பவே இல்லை.

ஒரு கையால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கோச்சுக்குப் போன் போட்டேன். அவர் குரல் கேட்டால் நிற்பாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. நாலு தடவை அடித்தேன். எடுத்தொலையேன்யா என்று நடுரோட்டில் கத்தினேன்.

முன்னால் போய் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தினேன். சுற்றிக்கொண்டு போனாள். சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிப் போய்க் கையைப் பிடித்தேன். இஸ்திரிப் பெட்டியைத் தொட்டதுபோல் சுட்டது. "ஏய், நான்டி" என்றேன். இடது கையால் சுருக்கமாக ஒன்று விட்டாள், கோச் சொல்லிக் கொடுத்தபடியே, தோளைச் சுழற்றி. உதடு கிழிந்து ரோட்டில் உட்கார்ந்தேன். அடி கிடக்கட்டும். அடிக்கும்போது அவள் கண் என்னைப் பார்த்தது. அந்தக் கண்ணுக்கு நான் யாரென்று தெரியவில்லை. என் ஜென்மத்தில் நான் அப்படிப் பயந்ததில்லை.

டிப்போ முனையில் வலது பக்கம் திரும்ப வேண்டியவள் நேராகப் போனாள். அந்தப் பக்கம் லாரி ஓடுகிற பெரிய சாலை. சாவப் போறா, சாவப் போறா என்று என் மண்டைக்குள் வேறு எதுவுமே ஓடவில்லை. எட்டு மாதமாகச் சொன்ன பொய்க்கெல்லாம் சேர்த்து அன்றைக்கு என் உண்மை செல்லாமல் போயிருந்தது. இனிமேல் கத்திப் பிரயோஜனமில்லை. சைக்கிளை எடுத்தேன். வாயைத் திறக்காமல் பின்னாலேயே மிதித்தேன். பெரிய சாலைக்கு இருபதடி இருக்கும்போது முன்சக்கரத்தை அவளுடைய குதிகாலுக்குக் குறி வைத்து ஏற்றினேன்.

எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. இரண்டு பேரும் விழுந்தோம்.

அங்கே கார் கழுவுகிற கடை ஒன்று இருந்தது. ஹோஸும் கையுமாக நின்ற ஆள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். "யோவ், பொம்பளை மேல ஏத்திக் கொல்லப் பாக்குறியா?" என்று சட்டையைப் பிடிக்க வந்தார்.

"அண்ணே, முதல்ல அவமேல தண்ணி அடிங்க! அப்புறமா என்னை அடிங்க!"

நல்ல மனுஷன். அவள் கழுத்தில் கை வைத்துப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. ஸ்வெட்டரையும் பிளாஸ்டிக்கையும் என் சட்டைப் பையிலிருந்த டேப் வெட்டும் கத்தியால் கிழித்தேன். உள்ளேயிருந்து குப்பென்று அனல் அடித்தது. அவர் தலையிலும் கழுத்திலும் அக்குளிலும் தண்ணீரைப் பீய்ச்சினார். ஆம்புலன்சுக்குச் சொன்னார். பக்கத்து ஜூஸ் கடையிலிருந்து ஐஸ் பெட்டியை அப்படியே தூக்கிவந்து கொட்டினார். அவள் உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. கண் மேலே சொருகியது. "மூச்சு இருக்காண்ணே? மூச்சு இருக்கா?" என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். "இருக்கு தம்பி, இருக்கு, நீ அந்த ஐஸைத் தேய்" என்று அவரும் ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தண்ணி அடிச்சு, ஐஸ் வெச்சும் இங்க வரும்போது உடம்புச் சூடு நூத்திநாலு டிகிரிக்கு மேல இருந்துச்சு. ரோட்டுல எவ்வளவு இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. சதையெல்லாம் உள்ளயே சிதைஞ்சிருக்கு, அது கிட்னியைப் போய் அடைக்கும். கிட்னி தப்பிக்குமான்னு இப்ப சொல்ல முடியாது. நாளை மறுநாள் ரத்தம் எடுத்துப் பாத்தாதான் தெரியும்." அப்புறம் அவள் மணிக்கட்டிலிருந்து உரித்தெடுத்த மிச்ச டேப்பைக் காட்டி, "இதை யாரு சுத்தினது?" என்றார்.

"நான்தாங்க" என்றேன். அவர் டேப்பைக் குப்பையில் போட்டுவிட்டு உள்ளே போனார். திட்டியிருந்தால் தேவலை.

விஷயம் தெரிந்து ராத்திரி கோச் அந்த ஊரிலிருந்து ஓடி வந்தார். "நான் சொல்லியிருந்தா நின்னிருப்பாளேப்பா" என்றார்.

"நாலு தடவை கூப்பிட்டேன் சார்! எங்க வெச்சிருந்தீங்க போனை? நீங்களும் உங்க வழக்கமும்!" வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

"கூட்டம் நடந்துச்சுப்பா. பைக்குள்ள போட்டுட்டேன்" என்று சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். என்னைவிட இருபத்தைந்து வயது பெரியவர். அவரிடம் கத்தி என்ன ஆகப் போகிறது? டேப்பைச் சுற்றிய கை என் கையாயிற்றே. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் தெளிவாகக் கண் திறந்தாள். எடை பார்க்கிற நேரம் எப்போதோ போயிருந்தது. அவள் வாயில் என்னென்ன வருமோ, எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளத் தயாராக உட்கார்ந்திருந்தேன்.

"கால்ல என்ன?"

"உடைஞ்சிருக்கு. சைக்கிளை உன்மேல ஏத்தினேன். வேணும்னுதான் ஏத்தினேன்."

என்னையே பார்த்தாள். "உதடு?"

"அது நீ. இடது கை."

அவள் தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தாள். ஊசி குத்தியிருந்தது. "எனக்கு ஞாபகமே இல்லையே" என்றாள். அப்புறம், "நான் நின்னேனா?" என்று கேட்டாள்.

"இல்ல. கடைசி வரைக்கும் நீ நிக்கவே இல்ல."

வேறு எந்த நாளாக இருந்தாலும் இதைக் கேட்டு இளித்திருப்பாள். ஒரு வாரத்துக்கு ஷெட்டில் சொல்லிக் காட்டியிருப்பாள். இப்போது அவளுக்குச் சிரிப்பே வரவில்லை.

"நிக்கச் சொன்னீங்களா?"

"தொண்டை கிழியக் கத்தினேன்மா."

"ஆலைச் சுவருகிட்ட வரும்போது ஏதோ சொன்னீங்க, சிரிச்சேன். அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்லைங்க. இருட்டா இருக்கு."

எழுந்து உட்காரப் பார்த்தாள், முடியவில்லை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். என்னைவிடப் பெரிய உருவங்களையெல்லாம் ரிங்கில் நின்று முறைத்தவள். கல்யாணமான இந்த ஒன்பது வருடத்தில் அவள் பயந்து நான் பார்த்ததே இல்லை. கண்ணெல்லாம் பயமாக இருந்தது.

"எனக்கு என்னவோ சரியில்லைங்க. ஒண்ணுக்குப் போனது கறுப்பா இருக்குன்னு நர்ஸுங்க பேசிக்கிறாங்க. எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல? நெஜமாச் சொல்லுங்க."

கிட்னி பிழைக்குமா என்று டாக்டரம்மாவுக்கே தெரியாது. ராத்திரி முழுக்க அந்த வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தவன் நான். உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"ஒண்ணும் ஆகாது. டாக்டரே சொல்லிட்டாங்க" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிடித்திருந்த சட்டையை மெதுவாக விட்டாள். "சரி, அப்பன்னா சரி" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

எட்டு மாதத்தில் நான் சொன்ன ஒரு பொய்யைக்கூட நம்பாதவள், இதை நம்பிவிட்டாள்.