மேலே வந்த புழுக்கள்

கண்ணாடித் தொட்டிக்கு முன்னால், வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தார் விஜயலட்சுமி டீச்சர். வாசலில் ஒரு செருப்பைக் கழற்றிய கொளஞ்சிநாதன் மறு செருப்போடு அப்படியே நின்றுவிட்டான். உப்புத் தண்ணீரில் நான்கு மீன்கள் வயிறு மேலே தெரிய மிதந்தன. கோடு போட்ட வண்ணத்துப்பூச்சி மீன் மட்டும் கல்லிடுக்கில் சாய்ந்து கிடந்தது. அதுவும் அசையவில்லை.

"எல்லாம் போச்சு, கொளஞ்சி."

நேற்று மீனுக்குத் தீனியாகப் புழுக்களைக் கொண்டுவந்தது அவன்தான்.

முத்தாண்டிக்குப்பத்திலிருந்து தினமும் வந்து இந்த டவுன்ஷிப் பிளாக்கில் ஏழெட்டு குவார்ட்டர்ஸ் தோட்டங்களைப் பார்த்துக்கொள்பவன் அவன். டீச்சரின் வீட்டுக்காரருக்கு நிலக்கரி மைன்ஸில் வேலை. ஷிப்ட் மாறி மாறி வரும். ரிட்டயர் ஆன பிறகு டீச்சருக்குப் பேச்சுத்துணை இந்தக் கடல் மீன்கள்தான். புதிதாக வந்த வண்ணத்துப்பூச்சி மீன் பன்னிரண்டு நாளாக எதையும் தொடவில்லை. உயிருள்ள புழு போட்டால் வாய் வைக்கும் என்று சென்னைக் கடைக்காரர் சொல்லியிருந்தார்.

"இதுக்கா இவ்ளோ கவலப்படுறீங்க? எங்கூர்ல இல்லாத புழுவா!" என்றான் கொளஞ்சி.

நேற்று விடிந்ததும் மண்வெட்டியோடு போனான். அதற்கு வேலையே இல்லை. தன் வீட்டை ஒட்டிய கத்திரித் தோட்டத்தில் மண்புழுக்கள் தாமாகவே மேலே வந்து நெளிந்துகொண்டிருந்தன. நம் அதிர்ஷ்டம் என்று கொட்டாங்கச்சி நிறைய அள்ளினான். டீச்சர் சொன்னபடி மூன்று தண்ணீரில் அலசினான். தொட்டியில் போட்டதும் அந்த மீன் பாய்ந்து வந்து இழுத்தது. டீச்சர் குழந்தை மாதிரி கைதட்டினார். தன் பிள்ளைக்கே பசியாறியதுபோல இருந்தது அவனுக்கு.

இப்போது டீச்சர் கடைக்காரருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து நடந்ததைச் சொன்னார்.

"மண்புழு உப்புத் தண்ணியில சீக்கிரம் செத்துரும் மேடம். மிச்சத்த எடுத்துட்டா போதும். அதுக்காக ஒரே நாள்ல எல்லாம் சாகாது. எங்க தோண்டினது? மருந்து போட்ட நெலமா?"

"தோண்டலீங்க. மேலயே கெடந்துச்சு," என்றான் கொளஞ்சி.

"மழை பேஞ்சுதா?"

"இல்லீங்க."

"சில மருந்துக்கு அப்படித்தான் தவிச்சுக்கினு மேல வரும், அண்ணே."

முந்தாநாள் சாயங்காலம் அந்தக் கத்திரித் தோட்டத்தின் சொந்தக்காரர் வெள்ளைச்சாமி மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, வாளியிலிருந்து ஊதா நிறக் குருணையைத் தூவிக்கொண்டு போனது கொளஞ்சிக்கு நினைவு வந்தது. உரம் என்றல்லவா நினைத்தான்!

டீச்சர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் அவனுடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொளஞ்சி, அந்தத் தோட்டத்துப் பக்கம் வீட்ல யாராவது போவாங்களா?"

மனைவி கலியம்மாளைப் போனில் கூப்பிட்டான்.

"இன்னாய்யா இந்நேரத்துல? கீர ஆஞ்சிக்கினு கீறன்."

"ஏது கீர?"

"கத்திரித் தோட்டத்துல தானா மொளச்சதுதான்."

"அடுப்புல ஏத்தாத. கீழ போடு. கைய சோப்பு போட்டுக் கழுவு."

"ஏன், இன்னாச்சு?"

"வெள்ளச்சாமி மருந்து தூவியிருக்காரு. விஷம்டி. நம்ம புள்ள பவித்ரா எங்க?"

அந்தப் பக்கம் முறம் கீழே விழும் சத்தம் கேட்டது. போனை வைக்காமலே கலியம்மாள் ஓடினாள். "பவித்ரா... ஏய் பவித்ரா..." குரல் தூரம் போய்க்கொண்டே இருந்தது. போனுக்குப் பக்கத்தில் ஒரு கோழி கொக்கொக்கென்று, கீழே கொட்டிய கீரையைக் கொத்தும் சத்தம் கேட்டது.