பிறந்த முடி

என் மகன் மணிவண்ணனுக்கு ஆறு வயது ஆகும்வரை தலையில் கத்தி படவில்லை. முடி இடுப்பைத் தொட்டது. தினமும் காலையில் எண்ணெய் வைத்து இரட்டைச் சடை பின்னித்தான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவேன். தெருவில் கேலி பண்ணாத ஆள் இல்லை. "பொண்ணு பெரியவளானா சொல்லியனுப்பு ஹேமலதா, சீர் கொண்டாந்துடுறோம்" என்பாள் பக்கத்து வீட்டு இருசம்மாள். பல்லைக் காட்டிவிட்டு உள்ளே வந்துவிடுவேன்.

பிடிவாதம் என்னுடையதுதான். பிறந்த முடியைக் குலசாமி கோயிலில், தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துத்தான் எடுக்க வேண்டும். மற்றவர்கள் ஒரு வயதிலேயே முடித்துவிடுவார்கள். என் பிள்ளைக்குத் தாய்மாமன் இருந்தும் இல்லாத நிலை.

நான் பிறந்தது உடையார்பாளையம் பக்கம். முந்திரிக்காடு, டிராக்டர், மாடி வீடு என்று இருக்கிற குடும்பம். அறிவரசனைக் கட்டிக்கொண்டு ஆண்டிமடம் பக்கத்தில் இருக்கும் அவர் தெருவுக்கு வந்த அன்றே அந்த வீட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள். அவர் எலக்ட்ரீஷியன், நாலு காசு சம்பாதிக்கிறவர், குடிக்க மாட்டார். அதெல்லாம் யாருக்கு வேண்டும்? அவர் தாத்தா எங்கள் காட்டில் கூலிக்கு முந்திரி பொறுக்கியவர், அவ்வளவுதான் அவர்களுக்குக் கணக்கு. என் அண்ணன் கோகுலகிருஷ்ணன் மட்டும் எப்போதாவது யாருக்கும் தெரியாமல் போன் பண்ணி, "நல்லாருக்கியா?" என்று கேட்பான். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் என் பிள்ளைக்கு முடி வளர்த்தேன். "பங்காளி ஒறமொறைல யாராச்சும் மடில வச்சுக்கட்டும் தாயி, புள்ளைக்குக் கழுத்தெல்லாம் வேக்குருவா இருக்கு" என்று மாமியார் கெஞ்சிப் பார்த்தார். முடியாது என்றுவிட்டேன்.

இந்த வருஷம் தை கடைசியில் அண்ணனே போன் பண்ணினான்.

"ஹேமா, மாசி கடைசி ஞாயித்துக்கெழம மொட்டைய வச்சுக்க. நான் வந்து மடில வச்சுக்கிறேன். விடியக்காலைலயே முடிச்சுடணும். அண்ணிக்குத் தெரிய வேணாம். போட்டோ கீட்டோ எடுக்கக் கூடாது."

மடில வச்சுக்கிறேன் என்றதோடு என் காது அடைத்துக்கொண்டது. மீதியை நான் கேட்கவே இல்லை. அன்றைக்குத் தெருவில் நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். எங்கள் தெருக்கோடியில் ஒரு டிரஸ்ட்காரர்கள் சாயங்காலப் பள்ளி நடத்துகிறார்கள். ஜெயசீலன் என்பவர்தான் அதற்குப் பொறுப்பு, உள்ளூர்க்காரர். வருஷா வருஷம் ஏ.சி. வேனில் ஒரு கூட்டம் வரும். எல்லாருக்கும் ஒரே மாதிரி நீலப் பனியன். இரண்டு வாரம் சுவரில் பூ வரைவார்கள், பிள்ளைகளோடு பாட்டுப் பாடி ஆடுவார்கள், பிறகு தஞ்சாவூர், கேரளா என்று போய்விடுவார்கள். இந்த முறை வந்ததில் ஹன்னா என்ற பெண்ணிடம் மணி ஒட்டிக்கொண்டான். வீட்டுக்கு வந்தால் வாய் ஓயாமல் ஹன்னாக்கா புராணம்தான். நல்ல பெண்தான். எனக்கும் அவளைப் பிடித்திருந்தது.

மொட்டைக்கு முந்தின வியாழக்கிழமை. ஆண்டிமடத்தில் நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையிலிருந்து பஸ் பிடித்து வந்து இறங்குகிறேன். எதிரே ஒரு பையன் ஓடி வருகிறான். என் பிள்ளை என்றே எனக்குத் தெரியவில்லை.

"அம்மா, பாத்தியா! ஹன்னாக்கா வெட்டி வுட்டாங்க! இனிமே எவனும் பொட்டச்சின்னு சொல்ல முடியாது!"

தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டினான். முகமெல்லாம் சிரிப்பு. பிறந்ததிலிருந்து அவன் அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஓங்கி ஓர் அறை விட்டேன். பிள்ளை அப்படியே உட்கார்ந்துவிட்டது.

சாயங்காலப் பள்ளிக்கு ஓடினேன். அன்று சுத்த நாளாம். பிள்ளைகளுக்கு நகம் வெட்டி, பேன் பார்த்து, தலை குளிப்பாட்டியிருக்கிறார்கள். "அவனைக் கேலி செய்தார்கள், அழுதான், அவனே வெட்டச் சொன்னான்" என்றாள் ஹன்னா. அந்த முடி என்ன முடி என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவள் முகம் வெளுத்துப்போய் அழ ஆரம்பித்துவிட்டாள். அவளை விட்டுவிட்டு ஜெயசீலனைப் பிடித்துக்கொண்டேன்.

"இல்லங்க, முடி வெட்டலாமான்னு பொதுவாத்தான் கேட்டாங்க. வெட்டுங்கன்னேன்..."

"அது வேத்து நாட்டுப் புள்ள, அதுக்குத் தெரியாது. இந்த மண்ணுலயே பொறந்து வளந்த ஒனக்குமா தெரியாது, ஆம்பளப் புள்ளைக்குச் சடை எதுக்குன்னு? நல்லா இருப்பியாய்யா நீ?"

வெட்டிய முடியையாவது கொடு என்றேன். பேப்பர் பிளேட்டுகளோடு சேர்த்துப் பின்னால் போட்டுக் கொளுத்திவிட்டார்களாம். போய்ப் பார்த்தேன். நாற்றம்தான் மிச்சம் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

கோயில் பூசாரி என் கணவருக்குச் சித்தப்பா முறை. விஷயம் கேட்டு அவரே வீட்டுக்கு வந்தார். மணியின் தலையைத் தடவிப் பார்த்தார்.

"ஒட்ட வெட்டுனாலும் வேரு பொறந்த வேருதானே தாயி. இருக்கறத எடுப்போம். சாமி என்ன, ஸ்கேலு வச்சுக்கிட்டா ஒக்காந்திருக்கு?"

உயிர் வந்தது எனக்கு. உடனே அண்ணனுக்குப் போன் போட்டேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"அப்ப எப்புடி ஹேமா? பொறந்த முடிதானே கணக்கு? அதான் போயிடுச்சே."

"பூசாரி பரவால்லன்னுட்டாருண்ணே. நீ வந்தா போதும்."

"அவுரு சொல்லுவாரு. முடியே இல்லாத புள்ளைய மடில வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? சாமிக்கே இஷ்டமில்ல போலருக்கு. வுடு, அடுத்த வருசம் பாப்போம்." பிறகு, "சாப்டியா? அங்கயும் வெயில் ஜாஸ்தியா?" என்று கேட்டான்.

அந்தக் குரலில் அப்படி ஒரு நிம்மதி. தலையிலிருந்து மூட்டையை இறக்கி வைத்தவன் பேசுகிற மாதிரி பேசினான். என்னோடு வளர்ந்தவன், அவன் குரல் எனக்குத் தெரியாதா? எங்கள் தெருவுக்கு வந்து, எங்கள் கோயிலில் உட்கார்ந்து, அறிவரசன் பிள்ளையை மடியில் வைப்பதாகச் சொன்ன நாளிலிருந்து அவன் ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருந்திருக்கிறான். பாவம், அந்தப் பெண் கத்திரிக்கோலை எடுத்து அதைக் கொடுத்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததிலிருந்து அவளைத் திட்டிக்கொண்டிருந்த என் வாய் அதோடு நின்றது.

"தள்ளி வச்சுடலாமா?" என்றார் கணவர்.

"எதுக்குத் தள்ளணும்? ஞாயித்துக்கெழம எடுக்கிறோம்."

ஞாயிற்றுக்கிழமை தெருவே கோயிலில் நின்றது. நீலப் பனியன் கூட்டமும் வந்தது. ஹன்னா யாரையோ கேட்டு, வெற்றிலை பாக்கு, பழம், துண்டு எல்லாம் தாம்பாளத்தில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, எங்கள் ஜனங்களோடு மண் தரையில் உட்கார்ந்து இலையில் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டாள். கடல் தாண்டி வந்தவளுக்கு அது முடிந்தது. அரை மணி நேர பஸ் தூரத்தில் இருக்கிறவனுக்கு முடியவில்லை. அப்போதும் எனக்கு வெட்கமில்லை. ரோட்டில் ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"தாய்மாமன் வந்து ஒக்காருங்க" என்று பூசாரி கூப்பிட்டார்.

கணவரின் சிநேகிதன் கலைமணி வேட்டியை மடித்துக்கொண்டு முன்னால் வந்து, "நான் ஒக்காரட்டா அண்ணி?" என்றான். கை காட்டி நிறுத்தினேன். மணையை எடுத்துப் போட்டு அதில் என் பிள்ளையை உட்கார வைத்தேன். தலையில் தண்ணீர் தெளித்துக் கத்தியை வைக்கும்போது மணி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான்.

"மாமா மடிலதானே ஒக்காரணும்னு சொன்ன? மாமா எங்கம்மா?"

"ஆடாம ஒக்காருடா, கத்தி பட்டுடும்" என்றேன். "ஒனக்கு மாமா கெடையாது."