ஆறாவது கேள்வி

பொத்தானை அழுத்தினால் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளே காற்றாடிகள் மூன்றும் ஜோராகச் சுற்றின. குட்டி விளக்குகள் எரிந்தன. பார்க்கிறவர்களுக்கு, அடடா, என்ன அருமையாக ஓடுகிறது என்றுதான் தோன்றும். திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. கன்னங்கரேலென்று கிடந்தது. காலை ஏழு மணியிலிருந்து இசக்கிப்பாண்டி அந்தக் கறுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது மணி பன்னிரண்டு. நாலு மணிக்கு மச்சான் வந்துவிடுவார்.

மச்சான் என்றால் அவன் மனைவி மாரிசெல்வியின் அண்ணன் சுடலைக்கண்ணன். செம்பூரில் மூன்றாவது மாடியில் வீடு, லிஃப்ட் உண்டு. பகலுக்கு ஒரு நர்ஸம்மாவை வைத்துத் தங்கையைப் பார்த்துக்கொள்கிறேன், மாப்பிள்ளையும் கூடவே வந்து இருக்கட்டும் என்று அவர் பதினோரு மாதமாகச் சொல்கிறார். முடியாது என்று இவனும் பதினோரு மாதமாகச் சொல்கிறான். காரணம் ஒரே ஒரு பேச்சு. மாரிசெல்விக்கு மூளையில் ரத்தக்குழாய் அடைத்து, கை கால் விழுந்து, பேச்சும் போய், இமையும் கண்மணியும் மட்டும் மிஞ்சிய அந்த வாரத்தில், ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து அவர் கத்தினார். “தாராவிப் பொந்துக்குள்ள போட்டு வச்சி எந்தங்கச்சிய இப்படி ஆக்கிட்டியேடா!” துக்கத்தில் வந்த வார்த்தை. மறுநாளே கையைப் பிடித்துக்கொண்டு அழவும் செய்தார். ஆனால் இசக்கிப்பாண்டிக்கு அது உள்ளே போய்த் தைத்துவிட்டது. ரோஷக்காரன். ரோஷத்தால் வயிறு நிறையாது என்று தெரிந்தும் அதையே மென்றுகொண்டிருக்கிற சாதி.

போன மாதம் சண்டை முற்றியது.

“அவளுக்கு எல்லாம் புரியுது மச்சான். இங்கதான் இருப்பேங்கா.”

“அப்படின்னு அவ சொன்னாளா?”

“கண்ணாலதான் சொல்லுவா. ஒருக்கா சிமிட்டினா ஆமா. ரெண்டு மட்டம் சிமிட்டினா இல்ல.”

“நீ கேட்டு, நீ பாத்து, நீயே அர்த்தமும் சொன்னா அது நீ சொன்னதுதான மாப்ள? அவளே சொல்லட்டும். ஒத்த வார்த்த பேசாம திரும்பிப் போயிருதேன்.”

அந்தச் சமயத்தில்தான் ஆஸ்பத்திரியில் ஒரு அறக்கட்டளையைச் சேர்ந்தவர்கள் கண்ணைப் பார்க்கும் கருவி ஒன்றை இரவல் தந்தார்கள். ஒரு சாண் நீளத்தில் கறுப்புப் பட்டை. திரைக்கு அடியில் ஒட்டிவைத்தால், எந்த எழுத்தை உற்றுப் பார்க்கிறாளோ அந்த எழுத்து திரையில் விழும். மாரிசெல்வி முனிசிபல் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை தமிழில் படித்தவள். அவளுக்கு எழுத்து தெரியும். ஆனால் பழைய லேப்டாப்பில் அந்தப் பட்டை ஓடவில்லை. கொஞ்சம் வலுவான கம்ப்யூட்டர் வேண்டும் என்றார்கள். குர்லாவில் இவன் லேத் ஓட்டுகிற பட்டறையில் மெஷின்களின் எலெக்ட்ரானிக் வேலை பார்க்கும் வாசிம், என்னென்ன வாங்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தான். டிஸ்கில் போட வேண்டியதை எல்லாம் போட்டும் கொடுத்துவிட்டு, ஒரு கல்யாணத்துக்கு ஊருக்கு ரயிலேறிவிட்டான். “மாட்டுறதுதான பாக்கி? ஒங்க கைக்கு அதெல்லாம் ஜுஜுபிண்ணே” என்று போகும்போது சொன்னான்.

அந்தத் தைரியத்தில் இசக்கிப்பாண்டி மச்சானுக்குப் போன் போட்டான். “ஞாயித்துக்கிழம நாலு மணிக்கு வாங்க. அவ போறேன்னா அப்பவே தூக்கிட்டுப் போங்க.”

“மிஷின் ஓடலன்னா?”

“ஓடலன்னாலும் தூக்கிட்டுப் போங்க” என்றான். பதினெட்டு வருஷம் இரும்பைக் கடைந்தவனுக்கு அந்தத் திமிர் இருக்கத்தானே செய்யும். சுடலைக்கண்ணன் ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டார்.

திமிரெல்லாம் இப்போது வேர்வையாக வழிந்துகொண்டிருந்தது. வாசிம் வீடியோ அழைப்பில் இருந்தான். பின்னால் மேளச் சத்தம்.

“போர்டு ஓரத்துல ஒரு மஞ்ச லைட்டு எரியுதுல்லண்ணே, அது மெமரி கோளாறுன்னு அர்த்தம். ரெண்டு குச்சி இருக்கும் பாருங்க. கழத்தி மாட்டுங்க.”

கழற்றி மாட்டினான். விளக்கு எரிந்தது. அழிரப்பரால் தேய்த்து மாட்டினான். எரிந்தது. ஒன்றை மட்டும் மாட்டினான், மற்றதை மட்டும் மாட்டினான், இடம் மாற்றி மாட்டினான். எரிந்தது. தொண்ணூறு அடி ரோட்டில் ரிப்பேர் கடை வைத்திருப்பவரிடம் ஓடிப்போய் வேறொரு குச்சியை இரவல் வாங்கிவந்து மாட்டினான். சனியன், அதற்கும் எரிந்தது.

“ஒவ்வொண்ணா கழிச்சிக்கிட்டே வருவம்ணே” என்றான் வாசிம். “எது இல்லையோ அத விட்டுட்டா, இருக்கது மாட்டிக்கிடும்.”

கட்டிலில் மாரிசெல்வி கண்ணை வேகவேகமாகச் சிமிட்டினாள். கூப்பிடுகிறாள் என்று அர்த்தம். ஸ்க்ரூட்ரைவரை வைத்துவிட்டுப் போய்க் குனிந்தான்.

“தண்ணியா?” இரண்டு சிமிட்டல். “வலிக்கா?” இரண்டு. “திரும்பிப் படுக்கணுமா?” இரண்டு. “கொசுவா?” இரண்டு. “ஒண்ணுக்குப் போயிட்டியா?” இரண்டு.

அவ்வளவுதான். பதினோரு மாதமாக அந்த வீட்டில் புழங்குகிற கேள்விகள் அந்த ஐந்துதான். ஐந்துக்கும் இல்லை என்றால் ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டு அவன் வேலைக்குத் திரும்பிவிடுவான். இப்போதும் திரும்பினான். அவள் விடவில்லை. மறுபடி சிமிட்டினாள். பார்வையைச் சுவரில் இருந்த சாமித் தட்டுக்குத் தூக்கினாள், இறக்கினாள், மறுபடி தூக்கினாள்.

“சாமியக் கும்பிடச் சொல்லுதியா? கும்பிடுதேன் தாயி, கும்பிடுதேன்” என்று எழுந்து, விபூதியை எடுத்துத் தன் நெற்றியில் பட்டையாகப் பூசி, அவள் நெற்றியிலும் இட்டுவிட்டான். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பக்தி என்று நினைத்துக்கொண்டான் மடையன்.

இரண்டரை மணிக்கு வாசிம் கை விரித்துவிட்டான். பவர் வயர்களைப் பார்த்தாயிற்று, திரையின் வயரை மாற்றியாயிற்று, போர்டின் பேட்டரியைக் கழற்றி மாட்டியாயிற்று. “அப்ப போர்டே போயிருக்கும்ணே. நாளைக்கு லாமிங்டன் ரோட்டுல கொண்டுபோய் மாத்திருங்க.”

“நாளைக்கா? இன்னிக்கு நாலு மணிக்கு அவள தூக்கிட்டுப் போயிருவாவடே!”

“சண்டே அங்க கட பூரா பந்த்ணே. நான் என்ன செய்ய?”

போன் ஓய்ந்தது. இசக்கிப்பாண்டி சிமென்ட் தரையில் கால் பரப்பி உட்கார்ந்துவிட்டான். நாளை காலை இந்தக் கட்டில் காலியாக இருக்கும். தண்ணியா, வலிக்கா என்று கேட்க ஆள் இருக்காது. இவள் இல்லாத வீட்டில் பட்டறை விட்டு வந்து என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. லேத் மெஷினில் ஒரு மில்லியின் நூறில் ஒரு பங்கு பிசகைக் கண்டுபிடிக்கிற கை, இந்தத் தகர டப்பாவிடம் தோற்றுவிட்டது.

கட்டிலில் மறுபடி சிமிட்டல். பார்வை மறுபடி சாமித் தட்டுக்கு.

“என்னத்தட்டி பாக்க?” என்று கத்திவிட்டான். “சாமி வந்து ரிப்பேர் பாக்குமா? நான் இங்க செத்துக்கிட்டு இருக்கேன், நீ வேற! அஞ்சையும் கேட்டாச்சுல்ல? இல்லன்னுட்ட. பொறவு என்னதாம்ட்டி வேணும் ஒனக்கு?”

அவள் கண்ணிலிருந்து நீர் காதோரமாக இறங்கியது. துடைக்க அவளுக்குக் கை எழாது. அதைப் பார்த்ததும் அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக வந்தது. துண்டால் துடைத்துவிட்டு, கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டான். ஐந்தும் இல்லை என்கிறாள். ஆனால் விடாமல் கூப்பிடுகிறாள். அப்படியானால் ஐந்துக்கு வெளியே ஒன்று இருக்கிறது. மெஷினில் மணிக்கணக்காகச் செய்ததை இவளிடம் ஏன் செய்யவில்லை என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

தலையை நிமிர்த்தினான். “செல்வி. கம்ப்யூட்டரப் பத்தியா?”

ஒரு சிமிட்டல்.

“சாமி தட்டுல என்னவோ இருக்கா? படமா?” இரண்டு. “வெளக்கா?” இரண்டு. “குங்குமச் சிமிழா?”

ஒன்று.

“குங்குமம் வைக்கலங்கியா மிஷினுக்கு?” இரண்டு. “பின்ன? வச்சிருக்கா? யாராவது வச்சாங்களா?” ஒன்று. “பானுமதியா?”

ஒன்று. கண்ணை நன்றாக மூடித் திறந்து, அழுத்தமான ஒன்று.

பானுமதி எதிர்வீட்டுக்காரி. அவன் பட்டறையில் இருக்கும் நேரமெல்லாம் மாரிசெல்விக்குத் துணை அவள்தான். இன்று விக்ரோலியில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள். நேற்று சாயங்காலம் இவன் எல்லாவற்றையும் பிரித்து ஒரு தாம்பாளத்தில் பரப்பிவைத்துவிட்டு, நீள ஸ்க்ரூட்ரைவர் வாங்கக் கடைக்குப் போயிருந்த அந்த இருபது நிமிஷம் அவனுக்குக் கண்முன்னால் வந்தது. புது மெஷின் தாம்பாளத்தில் இருக்கிறது, ஒரு பொட்டுகூட இல்லை. யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? சரஸ்வதி பூசைக்குச் சந்தனம் குங்குமம் வைக்காமல் லேத்தை அவனே ஓட்டியதில்லை. அவளைத் திட்ட அவனுக்கு யோக்கியதை இல்லை.

“எதுல வச்சா?”

மெமரிக் குச்சியைத் தூக்கிக் காட்டினான். இரண்டு. போர்டு. இரண்டு. டிஸ்க். இரண்டு. கம்ப்யூட்டரின் மூளையான புராசசர் உள்ளே பூட்டிக் கிடந்ததால் அது வந்த அட்டைப்பெட்டியைக் காட்டினான்.

ஒன்று.

மேலே இருந்த காற்றாடியைக் கழற்றி, நெம்புகோலைத் தூக்கி, தீப்பெட்டி அகலத்துக்கு இருந்த புராசசரை எடுத்துத் திருப்பினான். அடிப்பக்கம் முழுக்கப் பொன் புள்ளிகள். ஒரு மூலையில் மட்டும் அந்தப் பொன் மங்கிக் கிடந்தது. டார்ச்சைக் கிட்டே பிடித்துப் பார்த்தான். காய்ந்த சந்தனம். நடுவே லேசாகச் சிவப்பு. மெமரியோடு பேச வேண்டிய புள்ளிகள் அதில் அடைபட்டிருந்தன. ஈரத்தோடு வைத்துவிட்டு, இவன் வந்தால் சத்தம் போடுவானோ என்று பயந்து முந்தானையால் இழுத்துத் துடைத்திருக்கிறாள். நேற்றுப் பூட்டும்போது ஓரத்தைப் பிடித்துப் பதவிசாக வைத்தானே தவிர, அடியைத் திருப்பிப் பார்க்கவில்லை.

மாரிசெல்வியின் முதுகுப்புண் துடைக்க வைத்திருந்த ஸ்பிரிட்டும் பஞ்சும் கட்டிலுக்கு அடியில் இருந்தன. மூச்சை அடக்கிக்கொண்டு துடைத்தான். அது உட்காரும் குழியையும் டார்ச் அடித்துப் பார்த்தான். நல்லவேளையாகச் சுத்தமாக இருந்தது. எல்லாவற்றையும் திரும்ப மாட்டி முடித்தபோது மணி மூன்றே முக்காலாக ஐந்து நிமிஷம் இருந்தது. பொத்தானை அழுத்தினான்.

காற்றாடி சுற்றியது. மஞ்சள் விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. பிறகு அணைந்தது. திரையில் வெளிச்சம் வந்தது.

அவன் வாய்விட்டு அழுதான். “நீதாண்டி சொன்ன! நீதாண்டி கண்டுபிடிச்ச!” என்று அவள் தலையைப் பிடித்து முத்தமிட்டான். திரையை அவள் முகத்துக்கு நேரே தள்ளிவைத்து, பட்டையைச் செருகி, கருவி அவள் பார்வையைப் பழகிக்கொள்வதற்காகத் திரையில் ஓடிய புள்ளிகளை அவள் கண் பின்தொடரும்வரை காத்திருந்தான். எழுத்துகள் வரிசையாக வந்து நின்றன.

அண்ணன் வீட்டுக்குப் போகிறாயா, இங்கேயே இருக்கிறாயா என்று இப்போதே சிமிட்டலில் கேட்டுவிடலாமே என்று ஒரு நிமிஷம் தோன்றியது. மச்சான் சிமிட்டலை நம்ப மாட்டார் என்று ஒரு சாக்கைச் சொல்லிக்கொண்டு கேட்காமல் விட்டான். பதினோரு மாதத்தில் ஒருநாள்கூட அதைக் கேட்டதில்லை என்பது அவனுக்கு நன்றாகவே தெரியும்.

அவன் கேட்காமலேயே அவள் எழுத ஆரம்பித்தாள். அ. ண். ண. ஒவ்வொரு எழுத்துக்கும் அவள் இமை துடித்தது. ‘அண்ணன் வீட்டுக்குப்’ என்று வந்தபோது மீதியை இவனே மனதுக்குள் எழுதி முடித்துவிட்டான், போக மாட்டேன் என்று. மச்சானின் முகம் எப்படி ஆகும் என்றுகூடப் பார்த்துவிட்டான்.

‘அண்ணன் வீட்டுக்குப் போறேன்’ என்று முடிந்தது.

அவள் நிறுத்தவில்லை. இன்னும் நாலைந்து நிமிஷம் எடுத்துக்கொண்டு அடுத்த வரியையும் எழுதினாள்.

‘அங்க ஜன்னல் இருக்கு’

இசக்கிப்பாண்டி கூரைத் தகரத்தைப் பார்த்தான். அதைத்தான் அவள் பதினோரு மாதமாகப் பார்க்கிறாள். சந்துக்குள் மச்சானின் குரல் கேட்டது. ஸ்ட்ரெச்சர் நுழையாதென்று யாருக்கோ ஹிந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார். சுவிட்ச் இவன் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. ஒரு தட்டு தட்டினால் போதும். காலையிலிருந்து ஓடாத மிஷின், மறுபடி நின்றுபோய்விட்டது என்றால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? இன்னொரு வாரம் தவணை கேட்கலாம். மச்சான் இளகிய மனசுக்காரர், கொடுப்பார்.

கை சுவிட்ச் வரைக்கும் போனது. மாரிசெல்வி திரையிலிருந்து கண்ணை எடுத்து அவன் கையைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். சிமிட்டவில்லை.

“மாப்ள” என்று வாசலில் செருப்பைக் கழற்றினார் சுடலைக்கண்ணன். “என்ன, ஓடுதா?”

இசக்கிப்பாண்டி கையை எடுத்தான். திரையை மெதுவாக வாசல் பக்கம் திருப்பினான். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, கிட்டே வந்து, உதடு மட்டும் அசைய வாசித்தார்.

“மனசுக்குள்ள வாசிக்காதிய மச்சான்” என்றான் இசக்கிப்பாண்டி. “சத்தமா வாசிங்க. அவ பேசுதா.”